மிச்சம் பிடித்த குற்றம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘அரை சோப்பு’ என்று பெயர். புதுச் சோப்பு வாங்கி வந்தால் பிரித்த கையோடு கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். பற்பசை தீர்ந்துவிட்டது என்று நாங்கள் தூக்கிப் போட்ட குழாயைக் கத்தரிக்கோலால் கிழித்து இன்னும் நான்கு நாள் பல் துலக்குவார். அறையை விட்டு வெளியே போகும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவார். உள்ளே நான் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிட்டுத்தான் போவார்.

அப்படிப்பட்டவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை, செலவு செய்வது. நகர சேவை அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை நிறையக் கேட்டிருக்கிறோம். இது பால் பிடிக்காத பூனையை வைத்துப் பாலைக் குடி குடி என்று அடித்த கதை.

நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவள். வீட்டை ஒட்டியே கிடங்கு. இரும்புக் காலும் மடக்குகிற முதுகுமாக அறுநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும். பதினெட்டு வருடமாக ஒன்று ஒன்றாக, பத்து பத்தாகச் சேர்த்தது. யாரிடமும் கை நீட்டியதில்லை, அவரிடமும்தான். எங்கள் வீட்டில் அவர் அணைக்கத் துணியாத ஒரே விளக்கு என் கிடங்கு விளக்கு, ஏனென்றால் அதற்கு நான் கட்டணம் கட்டுகிறேன்.

என் தொழிலுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. கல்யாணம், பிறந்தநாள், கூட்டம் எதுவானாலும் முன்பணம் வைக்க வேண்டும். சாவுக்கு மட்டும் வேண்டாம். போன் அடித்து முகவரியைச் சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் வாசலில் நாற்காலி இறங்கும். எங்கள் வண்டி ஓட்டுகிற அண்ணன் பேச்சுக் கொடுக்காமல் விரித்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். வாடகையை அவர்கள் அழுது முடித்த பிறகு வாங்கிக்கொள்வேன். பதினெட்டு வருடத்தில் சாவு வீட்டுக்காரர் ஒருவரும் என்னை ஏமாற்றியதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் பலர் ஏமாற்றியிருக்கிறார்கள்.

இனி அந்த மெமோ கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் தன் குணம் மாறாமல் அலுவலகத்திலும் மிச்சம் பிடித்துவிட்டார். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவாகவே இல்லை. இருக்கிற மேசைக்கு எதற்குப் புது மேசை, எரிகிற விளக்கை எதற்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதி மூடியிருக்கிறார். பாராட்டுவார்கள் என்று நினைத்துச் சட்டைக்கு இஸ்திரி எல்லாம் போட்டுக்கொண்டு போனார். கையில் மெமோவோடு திரும்பி வந்தார். ‘ஒதுக்கப்பட்ட தொகையை உரிய காலத்தில் செலவிடத் தவறிய மெத்தனத்துக்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

அதை மூன்று முறை படித்துவிட்டு நான் கேட்டேன். “வீட்டுல மிச்சம் பிடிச்சா கெட்டிக்காரர், ஆபீஸ்ல மிச்சம் பிடிச்சா சோம்பேறியா?”

“அப்படித்தான் போல,” என்றார். அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

மிச்சம் பிடித்த தொகையை மேலிடம் அடுத்த வருட ஒதுக்கீட்டில் வெட்டிவிட்டது. பெரிய அதிகாரி இவரைக் கூப்பிட்டு, “உங்களால நாம எல்லாரும் பிச்சைக்காரங்களா நிக்கிறோம்” என்றாராம். பிறகு அலைந்து திரிந்து, அரசாங்கம் கடன் வாங்கின பணத்திலிருந்து வெட்டின பங்கைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு காசு மிஞ்சினாலும் இவர் வேலை மிஞ்சாது என்று வாய்மொழி உத்தரவு.

அப்படியும் வருடம் முடியப் பதினொரு நாள் இருக்கையில் பெரிய தொகை ஒன்று மிஞ்சிப் போயிற்று. அந்தப் பதினொரு நாளும் அவர் பேய் பிடித்தவர் மாதிரி அலைந்தார். தூக்கத்தில், “இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு” என்றார். வருடத்தின் கடைசி நாள் சாயங்காலம் முகம் தெளிந்து வந்தார். ஒரு தட்டுச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டார். என்ன நடந்தது என்று கேட்டேன். ஆபீஸ் விஷயம் என்றார்.

உண்மையை வரவழைத்தது பெரிய மாமா. இவருடைய அப்பாவின் அண்ணன், தொண்ணூறு வயது, மாடியில் எங்களோடு இருந்தார். காது மந்தம். காலையில் இறங்கி வந்து கிடங்கு வாசலில் ஒன்பதாம் எண் நாற்காலியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். அவருக்கு உலகத்தில் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எதைப் பார்த்தாலும் “என்ன விலை?” என்பார். செருப்பைப் பார்த்தாலும் கேட்பார், லாரியைப் பார்த்தாலும் கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண் பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோதும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

ஒருநாள் காலை எங்கள் தெரு வழியாக வரிசையாக ஐந்து லாரிகள் போயின. எல்லாவற்றிலும் பாலித்தீன் உறை பிரிக்காத பிளாஸ்டிக் நாற்காலிகள். என் வீட்டுக்காரர் அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“டேய், அது என்ன விலை?” என்றார் பெரிய மாமா.

“ஒண்ணு தொள்ளாயிரத்து நாப்பது, பெரியப்பா,” என்று இவர் பட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நான் பின்னால் நிற்பது தெரிந்தது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். “மக்களுக்கு இலவச நாற்காலித் திட்டம். மூவாயிரம் நாற்காலி. விசேஷம்னா யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. “உலகத்துல வாங்கறதுக்கு வேற சாமானே இல்லையா?”

“டெண்டர் விடாம வாங்கற பட்டியல் ஒண்ணு இருக்கு. அதுல நாற்காலி இருந்துச்சு. பதினோரு நாள்ல வேற எதுவும் தோணலை. தினம் தினம் பார்க்கிறது இதைத்தானே.”

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது. என் நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்தே இந்த மனிதருக்கு என் கடையை மூடுகிற யோசனை பிறந்திருக்கிறது.

“சந்தையில இந்த நாற்காலி முந்நூறு. தொள்ளாயிரத்து நாப்பது எப்படி ஆச்சு?”

“பட்டியல்ல சேரணும்னா எழுபத்தோரு பக்க விதி. அத்தனை சான்றிதழும் வச்சிருக்கிறது ஒரே ஒரு கம்பெனிதான்.”

“நீங்க பேரம் பேசலையா?”

“பேரம் பேசினா நமக்கு ஏதோ வேணும்னு நினைப்பாங்க.”

முந்தின நாள்தான் இந்த மனிதர் கால் கிலோ வெங்காயத்துக்குக் கால் மணி நேரம் பேரம் பேசி, கடைக்காரரிடம் “நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே பெண்டாட்டி கைக்கும் நெய் வரவில்லை, இருந்த சட்டியும் போயிற்று.

“நாற்காலி எத்தனை வருஷம் தாங்கும்?” என்றேன்.

“அஞ்சு வருஷம்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு.”

“வாங்கின கடன்?”

“இருபது வருஷம்.”

“அப்ப நாற்காலி உடைஞ்சு பதினஞ்சு வருஷத்துக்கு நம்ம பேரப்பிள்ளைங்க தரையில உக்காந்துகிட்டு அதுக்கு வட்டி கட்டணும். அப்படித்தானே?”

“சத்தமாப் பேசாத, பெரியப்பாவுக்குக் கேட்கும்,” என்றார். லாரிச் சத்தமே சரியாகக் கேட்காத மனிதருக்கு.

திட்டத்தை அறிவித்த வாரத்தில் என்னிடம் பதிவு செய்திருந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு என்னிடம் எதற்கு வரவேண்டும், நானாக இருந்தாலும் வரமாட்டேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி மாதம் நாற்பது வாடகை என்பது நான்காயிற்று. வண்டி அண்ணன், “பாதிச் சம்பளம் போதும் அக்கா” என்றார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சம்பளம் கொடுப்பவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்த அக்கா என்ற வார்த்தை எனக்குச் சுமையாக இருந்தது.

மூன்றாவது மாதம் பதினொரு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். இலவச நாற்காலி வாங்க ஒரே விண்ணப்பத்தை மூன்று படி எழுதித் தர வேண்டுமாம். இரண்டு அடையாளச் சான்று, வீட்டு வரி கட்டிய ரசீது, உட்காரப் போகிறவர்களின் உத்தேசப் பட்டியல். நிகழ்ச்சிக்குப் பதினான்கு நாள் முன்பு கொடுக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பித் தரும்போது அழுக்கில்லை என்று சான்று வேறு. “சும்மா குடுக்கறதை வாங்கறதுக்கு மூணு நாள் லீவு போட்டேன்மா, உங்க வாடகையே மலிவு,” என்றார் ஒருவர்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதுதான் தப்பு.

மூவாயிரம் இலவச நாற்காலியும் ஏன் அப்படியே கிடக்கின்றன என்று மேலிடம் ஒரு குழு போட்டது. குழு இரண்டு மாதம் ஆராய்ந்தது. அதன் முடிவு என்ன தெரியுமா, முறைப்படுத்தப்படாத தனியார் நாற்காலிகளின் போட்டியால் மக்கள் தடம் மாறுகிறார்கள் என்பது. ஆகவே நாற்காலி வாடகைக்கு இனி உரிமம். உரிமத்துக்கு விதிகள். விதிகளைப் பார்க்க ஒரு ஆய்வாளர். ஆய்வாளருக்குச் சம்பளம் அடுத்த கட்டக் கடனிலிருந்து.

ஆய்வாளர் நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதற்கு முன்பு தெரு நாய்களை எண்ணுகிற வேலையில் இருந்தாராம், ஓடி ஓடி இடுப்பு போய்விட்டது. டேப்பை நீட்டி ஒரு நாற்காலியின் முதுகை அளந்தார். மறுபடி அளந்தார்.

“நாற்பத்தி மூணு சென்டிமீட்டர் இருக்கும்மா. விதிப்படி நாற்பத்தி அஞ்சு.”

“பதினெட்டு வருஷமா இதுல உக்காந்தவங்க ஒருத்தரும் ரெண்டு சென்டிமீட்டர் குறையுதுன்னு எந்திரிச்சுப் போகலைங்க.”

“எனக்குப் புரியுதும்மா. முதுகுத்தண்டுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கா?”

“எங்க குடுக்கறாங்க?”

“பயிற்சி மையம் இன்னும் கட்டலை.”

“கட்டினதும் சொல்லுங்க, முதல் ஆளா வர்றேன்.”

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டேன். அவர் அதை ஏக்கமாகப் பார்த்தார். “நானே குறைன்னு எழுதிட்டு நானே எப்படிம்மா உக்கார்றது,” என்று சொல்லி நின்றபடியே எழுதி முடித்தார். பிறகு கிடங்குக் கதவின் பூட்டைச் சுற்றிச் சணல் கட்டி, அரக்கு வைத்து, ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். பெரிய மாமா வெளியே ஒன்பதாம் எண் நாற்காலியிலேயே இருந்ததால் அது ஒன்று மட்டும் தப்பியது. “அரக்கு என்ன விலை?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

அன்று நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. அறுநூற்றுப் பதினோரு நாற்காலியும் உள்ளே இருக்கின்றன, சாவி என் இடுப்பில் இருக்கிறது, ஆனால் திறக்கக் கூடாது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வண்டியை விற்க வேண்டும். வண்டி போனால் கடை போயிற்று. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகும்போது விளக்கை அணைக்காமல் போனார். அவரால் முடிந்த ஆறுதல் அது.

சீல் வைத்த பத்தொன்பதாம் நாள் பெரிய மாமா காலையில் இறங்கி வரவில்லை. நான் மேலே போய்ப் பார்த்தேன். தூக்கத்திலேயே போய்விட்டார். யாருக்கும் ஒரு செலவு வைக்கவில்லை. அவர் குணத்துக்கு அதுதான் பொருத்தம்.

ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் நூறு பேர். தொண்ணூறு வயது மனிதருக்கு உறவும் பழக்கமும் அவ்வளவு. வந்தவர்களில் பாதிப்பேர் அவர் வயதை நெருங்கியவர்கள், எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலிக்காரி வீட்டுச் சாவில் உட்கார நாற்காலி இல்லை. இவருடைய அத்தை படியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கினார்கள்.

நான் சாவியை எடுத்தேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சீலை உடைச்சா வழக்குப் போடுவாங்க. உனக்கு உரிமம் ஆயுசுக்கும் கிடைக்காது. கொஞ்சம் இரு. நம்ம ஆபீஸ்லயே மூவாயிரம் இருக்கு. நான் கேட்டாக் குடுப்பாங்க.”

“நானும் வர்றேன்,” என்றேன். இதைப் பார்க்காமல் விட எனக்கு மனசில்லை.

அலுவலகத்தில் தாழ்வாரம், படிக்கட்டு, கூட்ட அறை, எல்லா இடத்திலும் கூரை முட்ட நாற்காலி. உறைகூடப் பிரிக்கவில்லை. அந்தக் குவியலுக்கு முன்னால் இலவச நாற்காலிப் பிரிவின் எழுத்தர் ஒரு கால் உடைந்து கயிற்றால் கட்டிய பழைய நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். புது நாற்காலியில் ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். அது பொதுமக்கள் கணக்குத் தலைப்பில் வாங்கியது, இது அலுவலகத் தலைப்பில் வாங்கியது என்றார். எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

இவரைப் பார்த்ததும் எழுத்தர் எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் உண்மையாகவே கண் கலங்கினார். “ரொம்ப வருத்தமா இருக்கு சார். நல்ல மனுஷர். ஒருநாள் உங்களைப் பார்க்க வந்தப்ப என் பேனா என்ன விலைன்னு கேட்டார். இந்தாங்க விண்ணப்பம்.”

இவர் நின்றபடியே மூன்று படியும் எழுதினார். உட்காரப் போகிறவர்களின் உத்தேசப் பட்டியலும் எழுதினார். எழுத்தர் வாங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“சார், நிகழ்ச்சித் தேதி இன்னைக்குன்னு போட்டிருக்கீங்க.”

“இன்னைக்குத்தான் செத்தாரு.”

“பதினாலு நாள் முன்னாடி குடுக்கணுமே சார்.”

“சாவு முன்னாடி சொல்லிட்டா வரும்?”

“நானும் அதைத்தான் சார் அப்ப கேட்டேன். கல்யாணம், சாவுன்னு தனித்தனியா எழுதினா விதி நீளமாயிடும், நிகழ்ச்சின்னு ஒரே வரியா போடுன்னீங்க. காகிதம் மிச்சமாகும்னீங்க.” எழுத்தர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து, மை வீணாகாத சின்னக் கையெழுத்து.

எழுத்தர் தாழ்ந்த குரலில், “இன்னைக்குக் குடுத்தா பதினஞ்சாம் நாள் கண்டிப்பா அனுப்பிடறேன் சார்” என்றார். அந்த மனிதர் கேலி செய்யவில்லை. உதவி செய்யத்தான் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சாவு வீட்டுக்காரியாயிற்றே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கிடங்குக் கதவுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து முகம் மழிக்கிற பழைய பிளேடு ஒன்றை எடுத்தார். தேய்ந்த பிளேடை அவர் எறிவதில்லை. சணலை அறுத்தார். அரக்கைப் பெயர்த்தார். சீட்டைக் கிழிக்காமல் உரித்து நான்காக மடித்துப் பையில் வைத்தார். சணலையும் சுருட்டி அந்தப் பையிலேயே வைத்தார், எதற்காவது ஆகுமாம். இருபத்தாறு வருட வேலையில் ஒரு காகிதத்தைக்கூட விதி மீறி மடிக்காத மனிதர்.

“சாவி குடு,” என்றார்.

அப்போது அவர் மேல் எனக்கு இருந்த எட்டு மாதக் கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

வண்டி அண்ணனும் இவரும் நானுமாகப் பத்து நிமிடத்தில் நூற்றிருபது நாற்காலியைப் போட்டோம். நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தபோது ‘அப்பாடா’ என்று ஒரு சத்தம் வந்தது. அதைவிட மரியாதையான அஞ்சலியை நான் எந்தச் சாவிலும் கேட்டதில்லை. ஒன்பதாம் எண் நாற்காலியை மட்டும் யாரும் எடுக்காமல் ஓரமாக வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தாரா, தகவல் கேட்டு வந்தாரா தெரியாது. வாசலில் நின்று நாற்காலிகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பையில் டேப்பைத் தடவினார். நான் ஒரு நாற்காலியை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

“அளந்துட்டு உக்கார்றீங்களா, உக்காந்துட்டு அளக்கறீங்களா?”

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடினார். “நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார். “நாளைக்கு வந்து எழுதறேன்.”

மறுநாள் அவர் எழுத வேண்டிய வேலை இருக்கவில்லை. என் வீட்டுக்காரரே எல்லாவற்றையும் எழுதியிருந்தார். சீலை உடைத்தது நான், என் மனைவி அல்ல, சீட்டும் சணலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன என்று ஒரு கடிதம். அதோடு இலவச நாற்காலித் திட்டக் கோப்பில் ஒரு குறிப்பு. எட்டு மாதத்தில் விண்ணப்பித்தவர் இருபத்திரண்டு பேர், சாவுக்கு நாற்காலி பெற்றவர் எவருமில்லை, பக்கத்துத் தெருவில் ஒரு போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் நாற்காலி வருகிறது, ஆகவே இரண்டாம் கட்டத்துக்கு வாங்கவிருக்கும் கடன் தேவையில்லை என்று. அதை அடுத்துப் பத்துக் கேள்விகள் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பத்துக்கும் சேர்த்துத் ‘தேவையில்லை’ என்று இவர் ஒரே பதில் எழுதினார், காகிதம் மிச்சமாகட்டும் என்று. சீலை உடைத்ததற்கு ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். ஆனால் கொள்முதல் கையெழுத்து இவருடையது. இவர் போடாமல் இரண்டாம் கட்டக் கடனை எடுக்க முடியவில்லை. வருடம் முடிந்தது, பணம் அப்படியே திரும்பிப் போயிற்று.

இரண்டாம் கட்டம் இல்லை என்றதும் ஆய்வாளர் பதவிக்குச் சம்பளம் இல்லை. அவரை வேகத்தடைகளின் உயரம் அளக்க மாற்றிவிட்டார்கள். நாற்காலிக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் முதுகு வேண்டும் என்ற விதி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அளக்கத்தான் ஆளில்லை. மறுபடி சீல் வைக்க யாரும் வரவில்லை, என் கிடங்கு திறந்திருக்கிறது. வண்டி அண்ணன் முழுச் சம்பளம் வாங்குகிறார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சாவு முடிந்த நான்காம் நாள் நான் இவரிடம் ரசீது நீட்டினேன். நூற்றிருபது நாற்காலி, ஒரு நாள், வண்டி ஏற்றாததால் வண்டிக் கூலி இல்லை. தொழில் தொழில்தான். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

“நூத்திப் பத்தொம்பதுன்னு போடணும். ஆய்வாளர் உக்காந்ததுக்கு நான் ஏன் குடுக்கணும்?” என்றார். “அப்புறம் மொத்தமா எடுத்தா பத்துக்கு ஒண்ணு கழிக்கறது உண்டுல்ல?”

எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அலுவலகத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஊருக்கே எவ்வளவு மிஞ்சியிருக்கும். பத்துக்கு ஒன்று கழித்தேன். ஆய்வாளரைக் கழிக்கவில்லை.

வருடம் முடிந்த மறுவாரம் எதிர்பார்த்த மாதிரியே இரண்டாவது மெமோ வந்தது. ‘ஒதுக்கப்பட்ட தொகையை உரிய காலத்தில் செலவிடத் தவறிய’ என்று அதே வாசகம். இந்த முறை அவர் சாப்பிட்டார். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். கிடங்குக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்படி உரிமத்தை மாட்ட வேண்டும் என்று விதி சொன்ன இடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். கீழே ஒன்பதாம் எண் நாற்காலியைப் போட்டேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த மனிதர் அதில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

“கண்ணாடி என்ன விலை?” என்றார்.

சொன்னேன்.

“நாலு கடை ஏறி இறங்கியிருந்தா குறைச்சலாக் கிடைச்சிருக்கும். உனக்குப் பேரம் பேசத் தெரியாது,” என்றார். “அடுத்த வருஷ மெமோவுக்கு நானே போய் வாங்கிட்டு வர்றேன்.”